அரைப்பேர் போடும் அளவுகோல்

இந்த வாரம் எரிச்சலூட்டியது ஒரு பட்டியல். ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகையியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பொருத்தமான தொழில்கள் என்று கைபேசிக்குக் கைபேசி தாவும் பட்டியல்களில் ஒன்று: புகைப்படக் கலைஞர், தீயணைப்பு வீரர், சமையற்கலை நிபுணர், சொந்தத் தொழில். பசறையிலோ ஹாலி-எலையிலோ முப்பது வயதுக்குள் நான்கு வேலை மாறிவிட்டு, ‘ஒரு இடத்துல நிக்கமாட்டான்’ என்று பேச்சு வாங்கும் ஒருவருக்கு இதனால் என்ன பயன்? போகிற வேலையெல்லாம் தனக்கு மட்டும் ஏன் சில மாதங்களில் கைநழுவிப் போகிறது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியது. பட்டியல் அதைப்பற்றி வாயே திறப்பதில்லை. ‘மறதி எல்லாருக்கும்தானே உண்டு’ என்று தட்டிக்கழிக்கவும் முடியாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கி, வீடு, பாடசாலை, வேலைத்தலம் என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்வைக் குலைத்தால்தான் வைத்தியர்கள் இந்தப் பெயரைச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் முன்னெடுப்பில் பத்து நாடுகளின் தொழிலாளரிடையே நடந்து 2008இல் வெளியான ஆய்வில், 3.5 வீதமானோரிடம் இது காணப்பட்டது. மற்றவர்களைவிட ஆண்டுக்கு ஏறத்தாழ 22 வேலைநாட்களின் பலனை அவர்கள் கூடுதலாக இழந்திருந்தார்கள்.

அந்த நாட்கள் எங்கே போகின்றன? ஆய்வுகூடச் சோதனைகளில் இவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படுவது சீரின்மை. ஒரே காரியத்தை ஒரு முறை சட்டென்று முடிப்பார். அடுத்த முறை தடுமாறுவார். மாதக் கணக்கில் பார்த்தால் அவர் உழைப்பாளி, நாட்கணக்கில் பார்த்தால் சோம்பேறி. ஆகவே தொழிலின் பெயரைப் பார்ப்பதற்கு முன், அந்த வேலை ஆளை எதைக்கொண்டு அளக்கிறது, எத்தனை நாளைக்கு ஒரு முறை அளக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான் மறுபடியும் அரைப்பேருக்குத்தான் வருகிறேன் என்று இப்பத்தியின் பழைய வாசகர்கள் இந்நேரம் கண்டுகொண்டிருப்பார்கள். காலையில் பிரட்டுக்கு நின்று, மலையேறி, பொழுதெல்லாம் கொழுந்தெடுத்தாலும், தோட்டம் குறித்த கிலோ தராசில் விழாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது பாதி நாட்சம்பளம்தான். 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானி வந்த பிறகு, பல தோட்டங்களில் அந்தக் கிலோவும் ஏறியது. நேற்று ஐந்து கிலோ கூடுதலாக எடுத்திருந்தால் அதற்கொரு சிறு தொகை; இன்று ஐந்து கிலோ குறைந்தால் பாதிச் சம்பளம் போய்விடும். இரண்டு நாளையும் கூட்டினால் கொழுந்து குறையவில்லை, கூலி மட்டும் குறைகிறது. மழைக்கும் வெயிலுக்கும் தேயிலைச் செடியே ஒருநாள் போல் ஒருநாள் துளிர்ப்பதில்லை. மனிதர் மட்டும் அப்படி இருக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் அநியாயம். கவனம் நிலைகொள்ளாதவருக்கு இரட்டை அநியாயம். தோட்டத்தைவிட்டுப் போனாலும் இது விடுவதில்லை. ஆடைத்தொழிற்சாலையில் அளவு நாளிலிருந்து மணிக்கு இறங்குகிறது: மணிக்கு இத்தனை துண்டு.

அதே தோட்டத்தின் ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையைப் பாருங்கள். வாட்டி அரைத்த கொழுந்து எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்பதை டீமேக்கர் நிறத்தையும் மணத்தையும் கொண்டு தீர்மானிக்கிறார். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் ஊவாப் பருவத்தில் அந்தத் தீர்மானத்தின் மதிப்பு இன்னும் கூடும். அங்கே வேலை உடனுக்குடன் பதில் சொல்கிறது, நாளுக்கு நாள் மாறுகிறது, முழுப் புலன்களையும் கேட்கிறது. ஏ.டி.எச்.டி. உள்ளவர்களெல்லாம் டீமேக்கர் ஆகட்டும் என்று நானும் ஒரு பட்டியலைத் தொடங்கவில்லை. ஒரே கொழுந்தைச் சுற்றி இத்தனை வேறுபட்ட வடிவங்களில் வேலை இருக்கிறது என்கிறேன். கென்யாவின் அரியால் மக்களிடையே செய்யப்பட்டு 2008இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. ஏ.டி.எச்.டி.யோடு தொடர்புபடுத்தப்படும் ஒரு மரபணு வடிவத்தைக் கொண்ட ஆண்கள், மந்தையோடு அலையும் பிரிவில் மற்றவர்களைவிட நல்ல போஷாக்கோடும், ஓரிடத்தில் குடியமர்ந்த பிரிவில் போஷாக்குக் குறைந்தும் இருந்தார்கள். ஒரு மரபணு எவர் தலைவிதியையும் எழுதிவிடாது. ஆனால் ஓரிடத்தில் குறையாகும் இயல்பு வேறோர் இடத்தில் குறையாக வேண்டியதில்லை என்பதை மறுப்பது கடினம்.

அப்படியானால் இது ஒரு வரமா என்று கேட்டால், இல்லை. ஆண்டுக்கு 22 நாட்களை இழப்பது வரமாகாது. மருந்தும் வைத்திய ஆலோசனையும் பலருக்குப் பெரிதும் உதவுகின்றன. வேலை மாற்றம் அவற்றுக்கு ஈடாகாது. இன்னொரு மறுப்பு கனமானது: கடனில் இருப்பவர் வேலையின் வடிவத்தைப் பார்த்தா தெரிவு செய்வார்? முடியாதுதான். அதனால்தான் இந்தச் சுமையைத் தனிமனிதர் தலையில் வைக்கக்கூடாது என்கிறேன். சாதாரண தரத்தில் தவறியவரும், செய்து பழகிய தொழிலை மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டி, மாதக்கணக்கில் வகுப்பில் உட்காராமல் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இந்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. வயரிங், மேசன் வேலை, வாகனம் திருத்துதல் என்று கையால் கற்றவர்களுக்கு அது திறந்த கதவு. ஊவாத் தோட்டங்களின் ஒவ்வொரு டிவிஷனிலும் அது தமிழில் சொல்லப்பட வேண்டும். மதிப்பீடும் தமிழில் நடக்க வேண்டும். தோட்டங்களும் கிலோவை நாளுக்கு நாள் பார்க்காமல் மாதத்துக்குக் கூட்டிப் பார்க்கட்டும். அதனால் தோட்டத்துக்கு ஒரு கிலோ கொழுந்தும் குறையப்போவதில்லை. உழைத்தவருக்கோ முழுப்பேர் கிடைக்கும்.