வாரை வீட்டில் செய்யலாம், காற்றை வீட்டில் செய்ய முடியாது



வாடைக்காற்று அடங்கிவிட்டது. இறக்கக்கண்டியிலிருந்து கிண்ணியா வரை, அட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுகிற நம் பிள்ளைகள் மூலையில் கிடந்த சாமான்களைத் தூசு தட்டி எடுக்கிற நேரம் இது. அதனால்தான் இந்தப் பதிவை இப்போது போடுகிறோம். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் சுழியோடி இருக்கிறவர்கள் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள்.

கடந்த பருவத்தில், எங்களிடம் படித்த தம்பி ஒருவன் அறுபது அடி ஆழத்தில் நிற்கும்போது ஒரு கால் ஃபின்னின் வார் அறுந்தது. ஃபின் கழன்று நீரோட்டத்தோடு போய்விட்டது. பயத்தில் ஒரே வேகமாக மேலே வந்துவிட்டான். அன்றிரவே தோள்மூட்டில் வலி, காலில் மரப்பு. அல்ஹம்துலில்லாஹ், இன்று நடக்கிறான். மிஞ்சிய மற்றக் கால் வாரை நாங்கள் பார்த்தோம். பக்கிள் பக்கத்தில் மடிகிற இடத்தில் நகம் போகுமளவுக்கு வெடிப்பு. வெயிலும் உப்பும் இறப்பரைத் தின்றிருந்தன. "தெரியும் சேர், இந்த சீசன் மட்டும் ஓட்டலாமென்டு நினைச்சேன்" என்றான்.

2022 நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சாமான் வாங்குவது லேசான காரியமில்லை. அது எங்களுக்கும் தெரியும். அதனால் வாங்கு என்று புத்தி சொல்லாமல், செய் என்று சொல்ல வந்திருக்கிறோம். இறப்பர் வாருக்குப் பதிலாக ஸ்பிரிங் வார். இதை வீட்டுத் திண்ணையிலேயே செய்யலாம்.

ஸ்பிரிங் ஏன் நல்லது? ஆழத்தில் அமுக்கத்தால் நியோப்பிரீன் சப்பாத்து நசுங்கி மெலியும். மேலே இறுக்கமாக இருந்த இறப்பர் வார் கீழே தளரும். ஸ்பிரிங் தானாகச் சுருங்கி அந்த இடைவெளியை எடுத்துக்கொள்ளும். அறுகிற பக்கிளும் இல்லை.

முதலில் கம்பி. 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங் கேளுங்கள். அதில் மொலிப்தனம் கலந்திருப்பதால் உப்புத்தண்ணீரைக் கூடத் தாங்கும். சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிற, இழுத்தால் நீளுகிற ஸ்பிரிங்காக, ஏறக்குறைய அரை அங்குலப் பருமனில் பாருங்கள். கராஜில் கிடக்கும் மோட்டார் சைக்கிள் ஸ்பிரிங் வேண்டாம், துரு பிடிக்கும். காந்தத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். குளிராக இழுத்த நல்ல ஸ்டெயின்லெஸ் கம்பியும் காந்தத்தில் கொஞ்சம் ஒட்டும்.

இரண்டாவது அளவு. சப்பாத்தையும் ஃபின்னையும் போட்டுக்கொண்டு, ஒரு பக்க முளையிலிருந்து குதிகாலைச் சுற்றி மறுபக்க முளை வரை நூலால் அளந்துகொள்ளுங்கள். இரு முனைக் கொளுவிகளையும் சேர்த்து வாரின் மொத்த நீளம் அந்த நூலைவிட ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் குறைவாக இருக்கட்டும். அதற்கு மேல் இறுக்கினால் கால் மரத்துவிடும். தண்ணீருக்குள் அதையும் வாதம் என்று நினைத்துப் பயப்படுவீர்கள்.

மூன்றாவது முனைகள். கடைசிச் சுருளைக் குறட்டால் குளிராகவே வளைத்துக் கொக்கி எடுங்கள். வெல்டிங் வேண்டாம், சூடு பட்ட இடத்தில் ஸ்பிரிங்கின் விறைப்பு போய்விடும். கொக்கியை அதே வகை உருக்கில் செய்த சிறிய ஷக்கிளால் ஃபின்னின் முளையில் மாட்டுங்கள். ஷக்கிளின் பின் கழன்று வராதபடி கம்பியால் கட்டிவிடுங்கள். முளை பிளாஸ்டிக் என்றால் இரும்பு அதை அரைக்கும், மாதம் ஒரு முறை பாருங்கள்.

நான்காவது, உள்ளே ஒரு உயிர்க்கயிறு. ஸ்பிரிங்கின் நடுவால் மெல்லிய நைலோன் கயிறு ஒன்றைக் கோர்த்து இரு முனையிலும் முடியுங்கள். காலைப் போடும்போது ஸ்பிரிங் எவ்வளவு நீள வேண்டுமோ, அவ்வளவுக்குக் கயிறு இடம் கொடுக்க வேண்டும், அதற்கு மேல் கூடாது. இதனால் ஸ்பிரிங் அளவு மீறி இழுபடாது. ஸ்பிரிங்கே முறிந்தாலும் ஃபின் கடலோடு போகாது. அந்தத் தம்பியின் காலில் இப்படி ஒரு கயிறு இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

கடைசியாகக் குதிகால். பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் துண்டை ஸ்பிரிங்கின் நடுப்பகுதிக்குத் தளர்வாகப் போட்டுவிடுங்கள். இறுக்கமாகப் போட்டால் ஸ்பிரிங் நீளாது. பழைய புத்தகப் பையின் பட்டியில் ஒரு வளையம் தைத்தால் விரல் விட்டு இழுக்க வசதி. இடுப்பளவு தண்ணீரில் முப்பது தரம் போட்டுக் கழற்றிப் பாருங்கள், பிறகு ஆழத்துக்குப் போங்கள். ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

செய்முறை இவ்வளவுதான். நாங்கள் சொல்ல வந்தது இன்னும் இரண்டு விடயம்.

ஒன்று, நம் ஊரில் "படிப்பு ஏறாதவன் கடலுக்குப் போறான்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆசிரியர்களாகிய நாங்களும் அதைச் சொல்லியிருக்கிறோம், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம். ஹூக்கின் விதியைக் கரும்பலகையில் எழுதுகிறோம், அதைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்குகிறவனைப் படிக்காதவன் என்கிறோம். இந்த வாரை விஞ்ஞான பாடத்தில் ஒரு நாள் செய்ய வைத்தால் பின்வாங்கில் இருக்கிற பிள்ளை முன்வாங்குக்கு வருவான்.

இரண்டாவது, பிள்ளைகளே, இது உங்களுக்கு. கைவேலைக்கு ஓர் எல்லை இருக்கிறது. வார் முறிந்தால் போவது ஒரு ஃபின். ரெகுலேட்டர், சிலிண்டர் வால்வு, காற்று நிரப்புகிற கொம்பிரசர், இவற்றில் திண்ணை வேலை செய்தால் போவது உயிர். கொம்பிரசர் புகையை உறிஞ்சினால் சிலிண்டருக்குள் காபனோரொட்சைட்டு வரும், அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அறுபது அடியில் அமுக்கம் மேலே இருப்பதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். வேகமாக ஏறினால் உடம்பில் கரைந்த நைதரசன் குமிழியாகும். நிமிடத்துக்கு 9 மீற்றருக்கு மேல் ஏறாதீர்கள். ஐந்து மீற்றரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். வலி வந்தால் மறுபடி இறங்கினால் சரியாகும் என்ற பேச்சைக் கேட்காமல் உடனே வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டுவதா, கட்டாமல் விடுவதா என்று கேட்டவருக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன பதில் நம் வீட்டுச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தவக்குலுக்கு முன்னால் கட்டுகிற வேலை ஒன்று இருக்கிறது. இந்த சீசனில் வாரையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்வோம்.

வாப்பாமாரே, உம்மாமாரே, இன்றிரவு பிள்ளையின் ஃபின்னை எடுத்து, வாரை மடித்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் காலையில் கடலுக்கு விடாதீர்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நாங்கள் சிலர் குறடும் ஸ்பிரிங்குமாகக் கரையில் இருப்போம். வாருங்கள், சேர்ந்து செய்வோம்.

கடலுக்குப் போகிற ஒவ்வொருவரையும் அல்லாஹ் பத்திரமாகக் கரை சேர்ப்பானாக. ஆமீன்.