காப்பிக் கடைக்கு எது அழகு?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

மனிதன் பசிக்கு உண்கிறான். தாகத்திற்கு நீர் அருந்துகிறான். காப்பியை எதற்காக அருந்துகிறான்? சற்று நேரம் உட்காரவும், நாலு வார்த்தை பேசவும் அவனுக்கு ஒரு சாக்கு வேண்டியிருக்கிறது. அந்தச் சாக்குக்குத்தான் காப்பி என்று பெயர். ஆகவே காப்பிக் கடைக்காரர் காப்பியோடு சேர்த்து இருக்கையையும் விற்கிறார் என்றே சொல்ல வேண்டும். அந்த இருக்கை எப்படிப்பட்ட இடத்தில் அமைய வேண்டும்? உள்ளே வருகிறவனை ‘வா, உட்கார்’ என்று அழைக்கும்படி ஒரு கடையை எவ்வாறு அமைப்பது? மாணவர்களாகிய நாமும் சிந்திக்கத் தக்க கேள்வியே இது.

இன்று நம் சிறு நகரங்களில்கூடப் புதிய பாணிக் காப்பிக் கடைகள் முளைத்துவிட்டன. மஞ்சள் விளக்கு, பூசாத செங்கல் சுவர், மரப் பலகை, மூலையில் ஒரு தொட்டிச் செடி, சாய்ந்துகொள்ள சோபா. எங்கே போனாலும் இவைதாம். மேல்நாட்டுப் பாணியை அப்படியே பெயர்த்துக் கொண்டு வந்து, ‘கதகதப்பான சூழல்’ என்று விளம்பரமும் செய்கிறார்கள். ஆனால் நம் மொழியைக் கேட்டுப் பாருங்கள். நாம் விருந்தினரை ‘மனம் குளிர’ உபசரிக்கிறோம். ‘உள்ளம் குளிர’ வாழ்த்துகிறோம். பனி நாட்டான் கணப்பின் அருகே இடம் கொடுத்தால் அது வரவேற்பு. வெயில் நாட்டான் திண்ணை நிழலும் ஒரு செம்புத் தண்ணீரும் கொடுத்தால் அதுவே வரவேற்பு. நாட்டுக்கு நாடு வெயில் மாறும்போது வரவேற்பின் வடிவமும் மாறத்தானே வேண்டும்?

விளக்கும் சோபாவும் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. கடையின் அழகைச் சுவரில் தேடுவதற்கு முன்னால் வாசற்படியில் தேட வேண்டும் என்பதே என் கருத்து. அதைச் சொல்லுமுன், இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒளியையும் ஒலியையும் பற்றிச் சில வார்த்தைகள்.

ஒளியும் ஒலியும்

விளக்கொளியின் நிறத்தை வெப்பநிலையால் குறிப்பது இயற்பியல் வழக்கம். மெழுகுவர்த்திச் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின். பழைய இழை பல்பு ஏறத்தாழ 2700 கெல்வின். பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை விளக்கு 6500 கெல்வின். வெப்பநிலை ஏற ஏற ஒளியில் நீலம் மிகுகிறது. மக்களோ அந்த நீல வெண்மையைத்தான் ‘குளிர்ந்த ஒளி’ என்கிறார்கள்! இயற்பியலும் பேச்சு வழக்கும் இங்கே எதிரெதிராக நிற்பது வேடிக்கைதான். மாலை மயங்கியபின் மனிதன் பல்லாயிரம் ஆண்டுகளாக நெருப்பின் அருகே அமர்ந்து பேசியவன். மஞ்சள் ஒளியில் அவன் மனம் இளைப்பாறுவதில் வியப்பில்லை. எல்.இ.டி. விளக்கு வாங்கினால் இந்த எண் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். மேசைக்கு ஒன்றாக 2700 அல்லது 3000 கெல்வின் விளக்கைத் தாழத் தொங்கவிட்டால் போதும். செலவு ஒன்றும் பெரிதன்று.

ஒலியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1895ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடம் பேசுகிறவர் பேச்சே விளங்காத அளவுக்கு முழங்கிக்கொண்டிருந்தது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவு நேரங்களில் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். எதிர்முழக்க நேரம் அறையின் கன அளவுக்கு நேர் விகிதத்திலும், ஒலியை உறிஞ்சும் பரப்புக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும் என்று கண்டார். நம் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் சபைன் வாய்பாடு இதுவே. உறிஞ்சுதலை அளக்க அவர் எடுத்துக்கொண்ட அலகு எது தெரியுமா? திறந்த சன்னல்! அதன் வழியே சென்ற ஒலி திரும்பி வருவதில்லை அல்லவா?

இனி நம் ஊர்ப் புதுக் கடைகளைப் பாருங்கள். தரை மெருகேற்றிய கிரானைட். சுவர் முழுக்கக் கண்ணாடி. மேலே வழுவழுப்பான கூரை. இவை எல்லாம் தம்மேல் படும் ஒலியில் நூற்றில் சில பங்கை மட்டுமே உறிஞ்சும். மிச்சத்தைத் திருப்பி அடிக்கும். ஒரு மேசைக்காரர் உரக்கப் பேசுவார். அவருக்கு மேல் அடுத்த மேசைக்காரர் கத்துவார். இருவரையும் அடக்கக் கடைக்காரர் பாட்டின் ஒலியைக் கூட்டுவார். ஆற அமரப் பேச வந்தவன் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவான். ஒரு பாய்த் தட்டி, ஒரு கனத்த திரைச்சீலை, இரண்டு திறந்த சன்னல்கள் இருந்தால் இந்தத் தொல்லை பாதியாகக் குறையுமே!

ஓர் எடுத்துக்காட்டு

சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவின்போது திருவனந்தபுரம் தம்பானூரில், பேருந்து நிலையத்தின் அருகே, ஒரு காப்பிக் கடையைக் கண்டேன். செங்கல் நிறத்தில், உருண்டையாக, ஒரு கோபுரம்போல் நிற்கும் இந்தியன் காபி ஹவுஸ் அது. அமைத்தவர் லாரி பேக்கர் (1917–2007). இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, கேரளத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, குறைந்த செலவில் நல்ல வீடுகள் கட்டலாம் என்று காட்டிய கட்டடக் கலைஞர்.

அந்தக் கடைக்குள் தரையே ஒரு சரிவுப் பாதையாகச் சுற்றிச் சுற்றி மேலேறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி மேசையும் பெஞ்சும் கட்டடத்தோடு கட்டடமாகவே கட்டப்பட்டிருக்கின்றன. சுவர் நெடுகச் சிறு சிறு துளைகள். அவற்றின் வழியே காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, இரைச்சல் வெளியே போகிறது. சபைன் வகுத்த திறந்த சன்னலை நூறாகப் பகுத்துச் சுவரில் பதித்தாற்போல் எனக்குத் தோன்றியது. விலையுயர்ந்த பொருள் என்று அங்கே எதையும் நான் காணவில்லை.

அதைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. அங்கே ‘நல்ல மேசை’, ‘மட்டமான மேசை’ என்று இல்லை. எல்லா இருக்கையும் ஒரே அளவு, ஒரே கல், ஒரே சாளரம். மூட்டை தூக்குபவர் எழுந்த இடத்தில் கோப்பு தூக்குபவர் உட்காருகிறார். வெள்ளைச் சீருடையும் விசிறி மடிப்புத் தலைப்பாகையும் அணிந்த பணியாளர் இருவரையும் ஒரே விதமாகக் கவனிக்கிறார்.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. காப்பி விற்பனையைப் பெருக்குவதற்காக 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்டவை இக்கடைகள். 1950களில் காப்பி வாரியம் அவற்றை மூடத் தொடங்கியபோது தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். ஏ.கே. கோபாலன் அவர்களைக் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரட்டினார். 1957இல் பெங்களூரில் முதல் சங்கம். 1958இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. பரிமாறுகிறவரே பங்குதாரரும் ஆனார். கடையைத் தன்னுடையது என்று எண்ணுகிறவர் வரவேற்கும்போது அந்த வரவேற்புக்குத் தனிக் களை வந்துவிடுகிறது.

வாசற்படி

நம் மண்ணிலோ, உண்ணும் கடையின் உள்ளமைப்பு என்றால் யாரை எங்கே நிறுத்துவது என்பதாகவே நெடுங்காலம் இருந்தது. கடைகளிலும் உணவு விடுதிகளிலும் சாதி, மதம் பார்த்து எவரையும் தடுக்கக் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ஆயினும் 1957இல் பெரியார் சென்னை திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு, பெயர்ப் பலகையிலிருந்து ‘பிராமணாள்’ என்னும் சொல்லை நீக்கக் கோரிப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அதற்குப் பின்னும் பல காலம் நீடித்தது.

என் தந்தையார் சிறுவராக இருந்தபோது எங்கள் ஊர்க் கடையில் எங்கள் தெருக்காரருக்குப் பெஞ்சு கிடையாது. தனிக் குவளை, தரையில் குந்திக் குடிக்க வேண்டும், குடித்தபின் தாமே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். ‘உள்ளமைப்பு’ என்ற சொல்லை அவர் கேட்டிருக்கமாட்டார். ஆனால் பெஞ்சு எங்கே போடப்பட்டிருக்கிறது, குவளை எந்த ஆணியில் தொங்குகிறது என்பதற்கெல்லாம் என்ன பொருள் என்று அவர் நன்றாகவே படித்திருந்தார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எனக்கு இடம் கிடைத்த அன்று நகரத்தில் ஒரு புதுக் காப்பிக் கடைக்கு அவரை அழைத்துப் போனேன். மூடிய கண்ணாடிக் கதவு. என்ன விலை என்று வெளியே எழுதியிருக்கவில்லை. அவர் படியருகே செருப்பைக் கழற்றினார்; உள்ளே ஒருமுறை பார்த்தார்; மறுபடி மாட்டிக்கொண்டார். “நீ குடிச்சிட்டு வாப்பா, நான் இங்கேயே நிக்கிறேன்” என்றார். அவரை யாரும் தடுக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவும் இல்லை. கதவு ஒன்றே போதுமானதாக இருந்தது. இருவரும் எதிர்ப் பக்கத்து வண்டிக் கடையில் குடித்துவிட்டு வந்தோம்.

பழைய பலகை எழுத்தால் சொன்னதைப் புதிய கதவு பளபளப்பால் சொல்கிறது என்பதே என் குறை. சட்டத்தால் பலகையை அகற்றலாம். பளபளப்பை எந்தச் சட்டத்தால் அகற்றுவது? கட்டுகிறவர் மனம் வைத்தால்தான் முடியும்.

என்ன செய்யலாம்?

“வாடகை கொடுப்பது நான், ஒரு காப்பிக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என் கதி என்ன?” என்று கடைக்காரர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் சொல்பவற்றுள் செலவைக் கூட்டுவது எதுவும் இல்லை. விலைப் பட்டியலைத் தமிழில், பெரிய எழுத்தில், வாசலுக்கு வெளியே வையுங்கள். பையில் இருப்பதை எண்ணிப் பார்த்துவிட்டு மானத்தோடு ஒருவன் உள்ளே வரட்டும். கதவைத் திறந்து வையுங்கள். குளிர்சாதனத்துக்கு ஆகும் மின்கட்டணம் மிஞ்சும். சோபாவுக்குப் பதில் சுவரோடு கட்டிய திண்ணை போடுங்கள். கிழியாது, நகராது, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்க வேண்டியதில்லை. வாசலருகே பானையில் குடிநீர் வையுங்கள். கேட்காமலே தண்ணீர் கிடைக்கும் இடத்தில் மனிதனுக்குக் கூச்சம் போய்விடும். கூடையையும் மூட்டையையும் இறக்கி வைக்க ஓர் இடம் விடுங்கள். தனியாக வரும் பெண் ஒருத்தி, திரைக்குப் பின்னால் ஒளியாமல், நாலு பேர் உறுத்துப் பார்க்காமல் உட்காரும்படி இருக்கைகளைத் திருப்பிப் போடுங்கள். படியின் பக்கத்தில் ஒரு சரிவு கட்டுங்கள். எல்லாருக்கும் ஒரே குவளை கொடுங்கள். இத்தனையும் செய்தபின் மஞ்சள் விளக்கைத் தொங்கவிடுங்கள்; அது யார் முகத்தில் விழுந்தாலும் அழகாகத்தான் இருக்கும்.

விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். அதில் வீட்டின் சுவரைப் பற்றி அவர் பேசவில்லை. வரவேற்கிறவரின் முகத்தைப் பற்றித்தான் பேசினார். கடைக்கும் முகம் உண்டு. அதன் முகம் வாசல்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் வீட்டை மறக்கலாகாது. நம் கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையின் நடுவே ஒரு பலகைத் தடுப்பு நிற்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஆசிரியர்கள். இந்தப் பக்கம் மாணவர்கள். அந்தப் பக்கம் மின்விசிறி. இந்தப் பக்கம் புழுக்கம். ஆசிரியப் பெருமக்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். வகுப்பில் எழுந்து நின்று கேட்கக் கூச்சப்பட்டு எத்தனை ஐயங்களை விழுங்கியிருக்கிறோம்! ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே குவளையில் தேநீர் அருந்தும்போது அவற்றுள் பாதியையாவது கேட்டுவிடுவோம் அல்லவா? அந்தத் தடுப்பை எடுத்துவிட்டால் விசிறிக் காற்று இந்தப் பக்கமும் வரும். அடுத்த ஆண்டு மலர் வெளிவருவதற்குள் அது அகலுமானால், முதல் குவளைத் தேநீர் என் செலவு!