பதினாறாம் பிரிவு எப்போது போகும்?

பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் பிடிபட்ட திருகோணமலை விவசாயி ஒருவர் 1983 ஏப்ரலில் யாழ்ப்பாணத்தின் குருநகர் இராணுவ முகாமில் இறந்தார். அவர் உடலின் வெளிப்புறத்தில் மட்டும் 25 காயங்கள். யாழ்ப்பாணத்தில் நடந்த மரண விசாரணை அதைக் கொலை என்றது. அரசு என்ன செய்தது? அடுத்த சில நாள்களில், ஜூன் மாதம், மரண விசாரணையே இல்லாமல் உடல்களை அடக்கம் செய்ய இடமளிக்கும் அவசரகால விதியைக் கொண்டுவந்தது.

1979இல் தற்காலிகம் என்று வந்த பயங்கரவாதத் தடைச்சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. அதன் பதினாறாம் பிரிவுதான் கொடுமையின் வேர். உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சியாகிவிடும். அடித்து வாங்கினார்கள் என்பதைக் கைதிதான் நிரூபிக்க வேண்டும். பூட்டிய அறைக்குள் நடந்ததற்கு அவர் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்?

அப்படிச் சிக்கிய கைதி நல்லரட்ணம் சிங்கராசாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் பெருவிரல் அடையாளம் வைத்தார். அதை மட்டும் நம்பி, 1995இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆயிற்று. அவருடைய நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதென 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு சொன்னது. 2006இல் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது.

2022 திருத்தம் தடுப்புக் காவலின் உச்சவரம்பை 18 மாதங்களிலிருந்து 12 ஆக்கியது. பதினாறாம் பிரிவைத் தொடவில்லை. முதலில் நீக்க வேண்டியது அதைத்தான். அந்த வாக்குமூலங்களை மட்டும் வைத்துத் தீர்த்த ஒவ்வொரு வழக்கையும் மறுபடி விசாரிக்கவும் வேண்டும்.