சாவுக்குச் சம்மதம் கேட்காதீர்கள்

சாலை விபத்தில் தலையில் பலத்த அடிபட்ட நாகர்கோவில் கோட்டாற்றுக்காரரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போகும் திசைகள் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. இன்னொன்று, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம். 1956 வரை இரண்டு ஊரும் ஒரே ஆட்சிக்குள் இருந்தவை. கொடுக்கல் வாங்கலும் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இன்றும் எல்லை பார்ப்பதில்லை. ஆனால் அடிபட்டவருக்கு மூளைச்சாவு நேர்ந்துவிட்டால், அவர் இறந்துவிட்டாரா இல்லையா என்பதே வண்டி எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

கேரள அரசு 2020 ஜனவரியில் போட்ட ஆணை, மூளைத்தண்டு செத்தது உறுதியானால் அது மரணம்தான் என்கிறது. குடும்பம் உறுப்பு கொடுக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை; வென்டிலேட்டரை எடுத்துவிடலாம். தமிழ்நாட்டில் அந்தத் தெளிவு கிடையாது. மூளைச்சாவை உறுதிசெய்வது மருத்துவமனைகளின் கடமை என்று 2008-லேயே ஆணை பிறப்பித்த மாநிலம்தான் இது. ஆனால் அந்த ஆணை உறுப்புதானத் திட்டத்தின் வயிற்றில் பிறந்தது. ‘எங்களுக்கு விருப்பமில்லை’ என்று குடும்பம் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வது என்பதற்கு அதில் விடை இல்லை.

சிக்கலின் வேர் டெல்லியில் இருக்கிறது. மூளைத்தண்டுச் சாவை மரணம் என்று சொல்வது 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம். பிறப்பு, இறப்புகளைப் பதிவு செய்யும் 1969-ஆம் ஆண்டுச் சட்டமோ, உயிரின் அடையாளங்கள் அனைத்தும் நிரந்தரமாக மறைவதே மரணம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. மூளையைப் பற்றிப் பேச்சே இல்லை. விளைவு விபரீதமானது. உறுப்பு தர ஒப்புக்கொண்ட வீட்டின் பிள்ளை, இரண்டாவது பரிசோதனை முடிந்த நிமிஷத்தில் இறந்தவன். மறுத்த வீட்டின் பிள்ளை, அதே பரிசோதனை, அதே முடிவு இருந்தும், இன்னும் ஐ.சி.யூ. நோயாளி. வென்டிலேட்டரை நிறுத்த மருத்துவருக்குப் பயம். வழக்கு வரலாம், வார்டு கண்ணாடி நொறுங்கலாம். ஆகவே அவர் உறவினர்கள் பக்கம் திரும்பி, “நீங்க வீட்ல கலந்து பேசி ஒரு முடிவு சொல்லுங்க” என்கிறார்.

அந்த ஒரு வாக்கியம்தான் நம் ஆட்சேபம். உறுப்பைக் கொடுப்பதா வேண்டாமா என்று குடும்பத்திடம் கேட்க வேண்டும். கேட்காமல் தொடவே கூடாது. ஆனால் இறந்தாரா இல்லையா என்று குடும்பத்திடம் கேட்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. மாரடைப்பில் போனவர் வீட்டில் எந்த மருத்துவராவது இப்படிக் கேட்பாரா? மூளைச்சாவில் மட்டும் பெற்றவளின் கையில் பேனாவைக் கொடுக்கிறோம். பதினாறாம் நாள் அடியந்திரம் முடிந்து பந்தல் பிரித்த பிறகும், ‘நாமதான நிறுத்தச் சொன்னோம்’ என்பது அந்த வீட்டில் கிடக்கும். அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வரும்போது அது வெளியே வரும். செத்தவனைச் சாகவிட்ட பழி, சாவில் எந்தக் கையும் இல்லாத ஒருவர் தலையில் ஏறிவிடுகிறது.

ஒப்புக்கொள்ள முடியாமல் தவிப்பவர்களை அறியாமை என்று ஒதுக்குவது சுலபம். “பிள்ளைக்க மேலு சூடா இருக்கு, நெஞ்சு அடிக்கு, எப்பிடி டாக்டரே செத்துப்போனான்னு சொல்லுவிய?” என்று கேட்கும் தாயின் கண் பொய் சொல்லவில்லை. இதயத்துக்குத் தன் துடிப்பைத் தானே எழுப்பிக்கொள்ளும் மையம் உள்ளேயே இருக்கிறது. ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்வரை மூளையின் உத்தரவுக்கு அது காத்திருப்பதில்லை. ரத்தம் ஓடுவதால் உடம்பு சூடாக இருக்கும், சிறுநீர் இறங்கும், முகத்தில் களை இருக்கும். சில சமயம் கை தானாக மேலெழுந்து நெஞ்சின் மேல் வந்து விழும். தண்டுவடத்திலிருந்து மட்டும் வரும் அனிச்சை அது. மூளைக்கு அதில் பங்கில்லை. ஆனால் படுக்கையருகில் நிற்கும் அப்பன் அதைப் பார்த்துவிட்டால், எட்டு மருத்துவர்கள் வந்து விளக்கினாலும் அவர் மனசு கேட்காது. இப்படி நடக்கலாம் என்று முன்கூட்டியே அவரிடம் யாராவது சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

பரிசோதனைகளும் கதவுக்கு உள்ளேயே நடந்து முடிந்துவிடுகின்றன. கண்ணில் ஒளி அடித்துப் பாவை சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கருவிழியைப் பஞ்சால் தொடுகிறார்கள். காதுக்குள் குளிர்ந்த நீரைச் செலுத்திக் கண் அசைகிறதா என்று கவனிக்கிறார்கள். மூச்சுக்குழாய்க்குள் சிறு குழாயை விட்டு இருமல் வருகிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியாக மூச்சுப் பரிசோதனை. முதலில் முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு, வென்டிலேட்டரைக் கழற்றிவிட்டு, மூச்சுக்குழாய் வழியே ஆக்சிஜன் மட்டும் போகும்படி வைத்து, மார்பையும் வயிற்றையும் திறந்து போட்டு எட்டுப் பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நிற்பது. ரத்தத்தில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். மூளைத்தண்டில் ஒரு பொட்டு உயிர் இருந்தாலும் நெஞ்சு ஒரு முறையாவது விம்மித் தணியும். விம்மவில்லை என்றால் ரத்தத்தை எடுத்து அளந்து பார்த்து எழுதுகிறார்கள். இத்தனையையும் குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து மறுபடி செய்ய வேண்டும். கையெழுத்துப் போடும் நான்கு மருத்துவர்களில் எவருக்கும் உறுப்பு மாற்று அறுவை சிகிச்சையோடு தொடர்பு இருக்கக் கூடாது.

உறவினரின் சந்தேகத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. கட்டுவிரியன் கடித்தவர் கண் இமைக்காமல், கை கால் அசையாமல், சொந்த மூச்சும் இல்லாமல் மூளைச்சாவு போலவே கிடப்பார். வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்தால் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார். ரப்பர்த் தோட்டங்களும் வாழைத் தோப்புகளும் நிறைந்த இந்தக் குமரி மாவட்டத்தில் இது ஏட்டு உதாரணம் அல்ல. அதனால்தான் காரணம் இன்னதென்று தெரியாமல், மயக்க மருந்து இறங்காமல், உடல் வெப்பம் சரியாகாமல் பரிசோதனையைத் தொடங்கவே கூடாது என்கிறது விதி. அதேபோல் கோமாவும் மூளைச்சாவும் ஒன்றல்ல. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973 முதல் 2015 வரை கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக் மூளைச்சாவு அடைந்தவர் அல்ல. மூச்சு அவருடையதாகவே இருந்தது. அவர் வழக்கு உட்பட, கருணைக்கொலை பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் எல்லாம் உயிரோடு இருப்பவர்களைப் பற்றியவை. இந்த வேறுபாட்டை ஐ.சி.யூ. வாசலில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லாதபோது, டீக்கடையில் சொல்ல ஆள் கிடைத்துவிடுகிறார்.

டீக்கடையில் ஓடும் சந்தேகம் இரண்டு. ‘ரமணா’ படம் வந்தது 2002-ல். செத்த உடலை உள்ளே வைத்துச் சிகிச்சை அளிப்பதாகப் பில் போடும் அந்த மருத்துவமனைக் காட்சியை மறந்த தமிழன் கிடையாது. ‘செத்தவனை உசிரோட இருக்கான்னு சொல்லிக் காசு பிடுங்குறான்’ என்பது ஒரு சந்தேகம். ‘உசிரோட இருக்கவனைச் செத்துட்டான்னு சொல்லி கிட்னி எடுக்கப் பாக்கான்’ என்பது நேர் எதிரான இன்னொன்று. ஒரே ஆள் இரண்டையும் நம்புவதுதான் வேடிக்கை. ஆனால் இரண்டுக்கும் ஊற்று ஒன்றே: சாவை அறிவிப்பதில் அறிவிப்பவருக்கு ஆதாயம் இருக்கிறது என்ற எண்ணம். அந்த எண்ணத்துக்கு நம் சட்டமே தீனி போடுகிறது. உறுப்பு வேண்டும்போது மட்டும் ‘மூளைச்சாவு’ என்ற பேச்சு எழுந்தால் எவன்தான் சந்தேகப்படமாட்டான்?

இந்தச் சந்தேகத்தின் விலையை ஜப்பான் முழுதாகக் கொடுத்தது. 1968-ல் சப்போரோவில் வாடா ஜூரோ என்ற அறுவை மருத்துவர் அந்நாட்டின் முதல் இதய மாற்று சிகிச்சையைச் செய்தார். இதயம் கொடுத்தவர் உண்மையிலேயே இறந்திருந்தாரா என்ற கேள்வி பின்னால் கிளம்பியது; ஆதாரம் போதவில்லை என்று வழக்கு கைவிடப்பட்டது, சந்தேகம் மட்டும் போகவில்லை. மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்பு எடுக்க அங்கே சட்டம் வந்தது 1997-ல்தான். கிட்டத்தட்ட முப்பது வருஷம்.

2008 செப்டம்பரில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்க அவன் பெற்றோர் எடுத்த முடிவுதான் தமிழ்நாட்டில் உறுப்புதானத்தை வீடுதோறும் பேசவைத்தது என்று எல்லாரும் சொல்கிறோம். உண்மை. ஆனால் தாய் தந்தை இருவருமே மருத்துவர்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். அவர்களுக்கு விளக்க வேறொருவர் தேவைப்படவில்லை. கோட்டாறு கம்போளத்தில் மூட்டை தூக்குபவருக்கும் ராஜாக்கமங்கலத்தில் வலை பின்னுபவருக்கும் அந்த அறிவை யார் கொடுப்பது?

இந்த ஊரில் இன்னொரு குரலும் ஒலிக்கும்: ‘புதுமை நடக்கும், காத்திருங்கள்.’ கேட்ட வரம் தரும் சவேரியார் என்று பெயர் வாங்கிய பேராலயம் இங்கேதான். 2022 மே மாதம் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறையும் அதற்குள்தான். அந்தப் புனிதர் பட்டத்துக்காக ஏற்கப்பட்ட புதுமையே, இறந்துவிட்டதாக மருத்துவர்கள் சொன்ன ஒரு கருக்குழந்தை தாயின் வயிற்றில் மறுபடி அசைந்தது என்பது. அங்கே போய் மெழுகுதிரி ஏற்றும் தாயிடம் ‘நம்பாதே’ என்று சொல்வது நம் வேலை அல்ல. அதேசமயம் அவருடைய திருச்சபை என்ன சொல்கிறது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். மரணம் எப்போது நிகழ்ந்தது என்று தீர்மானிப்பது மருத்துவர் பொறுப்பு என்றார் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர், 1957-ல். கண்டிப்பாகச் சோதித்து உறுதிசெய்யப்பட்ட மூளைச்சாவை ஏற்கலாம் என்றார் இரண்டாம் ஜான் பால், 2000-ல். 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமியும், கருத்து வேறுபாடுகளுக்கிடையே, இதை ஏற்றது. இவற்றைக் கோட்டாற்றுப் பங்குத்தந்தையும் இடலாக்குடி ஜமாஅத்தும் எடுத்துச் சொன்னால் ஏறும், ஐ.சி.யூ. டியூட்டி டாக்டர் சொன்னால் ஏறாது.

ஒப்புக்கொள்ளாத குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலச் சட்டம் மத நம்பிக்கையின் பேரில் அப்படி விட்டுக்கொடுக்கிறது. 2013 டிசம்பரில் கலிபோர்னியாவில் மூளைச்சாவு அறிவிக்கப்பட்ட 13 வயது ஜஹி மெக்மாத்தை அவள் தாய் அங்கே கொண்டுபோனார். 2018-ல் இதயம் நின்றபோது அந்தச் சிறுமிக்கு இரண்டாவது இறப்புச் சான்றிதழ் எழுதப்பட்டது. அங்கே கிடைத்தது ஏறத்தாழ நாலரை வருஷம். இங்கே நகையை அடகு வைத்து வாங்கினால் ஐந்து நாள் வரும். அரசு மருத்துவமனையில் காசு ஆகாது. ஆனால் அடுத்த விபத்தில் அடிபட்டு வருகிற, பிழைக்க வாய்ப்புள்ள ஒருவருக்கு அந்த வென்டிலேட்டர் இருக்காது.

எனவே சாவை அறிவிப்பதில் விட்டுக்கொடுப்பு கூடாது. அவகாசத்தில் தாராளம் வேண்டும். நியூயார்க் இந்த வழியைத்தான் பிடித்தது: இறப்பை அறிவித்துவிடுவார்கள், ஆட்சேபிக்கும் குடும்பத்துக்கு நியாயமான இடம் கொடுப்பார்கள். நமக்கும் அதுவே பொருந்தும். வளைகுடாவில் படகேறும் மகன் ஊர் வந்து சேர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை உடலை அப்படியே வைத்திருக்கலாம், ஆனால் இறந்தவராக. இரண்டாவது பரிசோதனை முடிந்த நேரத்துக்குப் பிறகு எந்தத் தனியார் மருத்துவமனையும் அந்தக் குடும்பத்திடம் ஒரு பைசா வாங்கக் கூடாது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் செலவை ஒரு வரம்பு வரை அரசு ஏற்கிறது. பல மூளைச்சாவுகளின் தீர்மானமும் ஏறத்தாழ அந்த நேரத்தில்தான் வருகிறது. மிஞ்சும் ஒன்றிரண்டு நாளையும் அரசே ஏற்பது பெரிய தொகை அல்ல. உறுப்புதானப் பேச்சை, மரணம் அறிவிக்கப்பட்டுக் குடும்பம் அழுது முடித்த பிறகு, சிகிச்சை பார்க்காத வேறொருவர் தொடங்க வேண்டும்.

இதனால் தானம் குறையும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. குறையாது என்றே நினைக்கிறோம். ஒருவேளை குறைந்தாலும் இதைச் செய்யத்தான் வேண்டும். உறுப்பு கொடுத்தவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு என்று 2023 செப்டம்பரில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தது நல்ல காரியம். கொடுக்காதவருக்கும் இறந்தவர் என்ற மரியாதையாவது வேண்டும்.

கேரளத்துக்கு இதைச் செய்ய ஓர் அரசாணை போதுமாக இருந்தது. சென்னையும் அதைச் செய்யலாம். 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தச் சொல்லி டெல்லிக்கு எழுதவும் வேண்டும். அதுவரை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. இரண்டாவது மூச்சுப் பரிசோதனையின்போது, விரும்பினால், வீட்டார் ஒருவரை உள்ளே கூப்பிட்டு நிறுத்துங்கள். தண்டுவட அனிச்சையில் கை அசையலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, அந்த எட்டு நிமிஷமும் மார்பை அவரே பார்க்கட்டும்.