துருவத்தில் தொடங்கும் நம் தடுப்புச்சுவர்

துருவப் பனியைப் பற்றி ஒப்படைப்பு செய்கிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். “நம் ஊரில் ஐஸ் குளிர்பதனப் பெட்டியில்தானே இருக்கிறது? இங்கேயே ஆராய எவ்வளவோ இருக்கிறதே!” என்றான் ஒருவன். புவியியல் படிக்கும் எனக்கே முதலாண்டில் அப்படித்தான் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை.

குவளையில் மிதக்கும் ஐஸ்கட்டி உருகினால் பானம் வழிவதில்லை. ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனியும் அப்படித்தான். அது கரைவதால் கடல்மட்டம் அவ்வளவாக உயராது. ஆனால், வெயிலைத் திருப்பியனுப்பிய வெண்பரப்பு மறைய, கருங்கடல் வெப்பத்தை உள்வாங்குகிறது. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனியின் கதையே வேறு. அது கடலில் சேர்வது, நிறைந்த குவளையில் மேலும் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம்.

இதை எப்படி அளக்கிறார்கள்? 2002ல் ஏவப்பட்ட ‘கிரேஸ்’ இரட்டைத் துணைக்கோளங்கள், சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றின. கீழே பனியின் எடை மாறினால் ஈர்ப்புவிசை மாறும். அந்த இடைவெளியும் இம்மியளவு மாறும். இவ்வாறு கணக்கிட்டதில், கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 270 பில்லியன் டன் பனியை இழந்து வருவது தெரிந்தது.

என்னை யோசிக்க வைத்தது இன்னொன்று. பெரும் பனிப்படலம் தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். அருகில் கடல்மட்டம் தாழும். தொலைவில், நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் பகுதியில், உலகச் சராசரியைவிடக் கூடுதலாக உயரும். துருவம் தொலைவில் இருப்பது நமக்குப் பாதுகாப்பு அல்ல.

சிங்கப்பூர் நிலப்பரப்பில் சுமார் 30 விழுக்காடு, கடல்மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் உள்ளது. 2100க்குள் கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரக்கூடும் என்று 2024ல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கணித்துள்ளது. இத்தகைய கணிப்புகளில் பெரிய கேள்விக்குறியே அண்டார்க்டிகாதான். கரையோரத் தடுப்பை எவ்வளவு உயர்த்துவது என்ற முடிவு அந்தப் பனியைப் பற்றிய அறிவைப் பொறுத்தது.

“பெரிய நாடுகள் அளக்கட்டும், நாம் எண்களை எடுத்துக்கொள்வோம்” என்றிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முதல் ‘கிரேஸ்’ இணை 2017ல் ஓய்ந்தது. அடுத்த இணை 2018 மே மாதம்தான் ஏவப்பட்டது. இடைப்பட்ட மாதங்களுக்குத் திரும்பிச் சென்று யாராலும் அளக்க முடியாது. அளவீடு என்பது யாரோ ஒருவர் தொடர்ந்து செய்தால் மட்டுமே நமக்குக் கிடைப்பது.

சிங்கப்பூர் 2013 முதல் ஆர்க்டிக் மன்றத்தில் பார்வையாளராக இருக்கிறது. பார்ப்பதோடு நிற்காமல், அளப்பவர்களாகவும் நம்மில் சிலர் மாற வேண்டும். அதற்குப் பனியில் கால் வைக்க வேண்டும் என்பதில்லை. இந்தத் துணைக்கோளத் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கணிதமும் நிரலெழுதுதலும் தெரிந்த மாணவர்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

அடுத்த ஒப்படைப்புக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? 2100ல் அந்தக் கரையோரம் வாழப்போவது நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.