கப்பல்காரரும் கழனிக்காரரும்

வேலையில் இருந்த நாட்களில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஆபீசுக்குப் பாசஞ்சர் வண்டியில்தான் போய் வருவேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வண்டி நின்று நின்று போகும். என் சரித்திர ஞானமெல்லாம் அந்த ஜன்னலோர சீட்டில் வாசித்ததுதான். ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. சென்ற வாரம் ஒரு பழைய புத்தகத்தில் கான்ஸ்டன்டைன் கனாரிஸ் என்ற கிரேக்கரைப் பற்றிப் படித்தேன். இரண்டு நாள் தூக்கம் கெட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

கனாரிஸ் சாரா என்ற சின்னத் தீவுக்காரர். சிறு வயதிலேயே கப்பலில் ஏறியவர். பெரிய படிப்பு கிடையாது. கிரேக்கம் அப்போது துருக்கி சுல்தான் ஆட்சியில் இருந்தது. 1821-இல் விடுதலைப் போர் மூண்டது. மறு வருடம் கியோஸ் தீவில் துருக்கிப் படை ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. இன்னும் பலரை அடிமைகளாகப் பிடித்தது. அதற்குப் பதிலடி கொடுத்தவர் கனாரிஸ். பழைய கப்பல் ஒன்றில் வெடிமருந்தும் கீலும் நிரப்பி, இருட்டில் எதிரியின் தலைமைக் கப்பலோடு கொண்டுபோய்ப் பிணைத்து, தீ வைத்துவிட்டுச் சிறு படகில் தப்பினார். துருக்கிக் கடற்படைத் தலைவரே அதில் மாண்டார். செத்தவர்களும் மனிதர்கள்தான், இதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் என் தூக்கத்தைக் கெடுத்தது இந்தத் தீ அல்ல.

நாடு விடுதலை பெற்ற பிறகு அந்த மாலுமி மந்திரியானார், பிறகு பலமுறை பிரதமரானார். 1877-இல் ருஷ்யாவும் துருக்கியும் போருக்கு நின்றபோது கிரேக்கத்துக்கு ஆபத்து. ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டிருந்த கட்சித் தலைவர்கள் ஒரே மந்திரிசபையில் உட்கார வேண்டிய கட்டாயம். யாருக்குக் கீழே உட்காருவது? எண்பதைத் தாண்டிய கனாரிஸை அழைத்தார்கள். முன்னாள் பிரதமர்களே அவருக்குக் கீழே மந்திரிகளாக இருந்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில், பதவியில் இருக்கும்போதே, அவர் காலமானார்.

இதைப் படித்ததும் நம்ம ஊர்க்காரர் நினைவு வந்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓமந்தூர். அங்கே 1895-இல் பிறந்த விவசாயி ஓ.பி. ராமசாமி ரெட்டியார். கடலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 1947 மார்ச்சில், கட்சிக்குள் சண்டை முற்றி பிரகாசம் மந்திரிசபை கவிழ்ந்தபோது, சென்னை மாகாணத்துக்கு முதல் மந்திரியாகக் கிடைத்தவர் அவர்தான். ஆகஸ்ட் 15 அன்று அந்த நாற்காலியில் இருந்தவரும் அவரே. ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் எல்லாம் அந்த இரண்டு வருடத்துக்குள் வந்தவை.

அப்படிப்பட்டவர் 1949 ஏப்ரலில் ஏன் போனார்? எதிர்க்கட்சி தள்ளவில்லை, சொந்தக் கட்சிக்காரர்களுக்கே அவர் கசந்துவிட்டார். சிபாரிசுக்கு மசியமாட்டார், நிர்வாகத்தில் கட்சிக்காரர்களை மூக்கை நுழைக்க விடமாட்டார் என்பதே பெரிய குறை. அவர் மல்லுக்கு நிற்கவில்லை. விலகினார். பிறகு வள்ளலார் வழியில் வடலூரில் தொண்டு செய்துகொண்டிருந்து, 1970-இல் மறைந்தார். நாற்காலியை விட்டு இறங்கியபோது அவருக்கு வயது 54தான். கிரேக்கர்கள் எண்பது வயதுக்காரரைத் தேடிப்போய்க் கூட்டி வந்தார்கள். நாம் 54 வயதுக்காரரை அனுப்பிவிட்டு, 21 வருடம் அந்த நாற்காலிக்குத் திரும்ப அழைக்கவே இல்லை.

இதற்கு அரசியல்வாதிகளை மட்டும் திட்டினால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1984-இல் சொந்த ஊர்ப் பக்கம் மாற்றல் வேண்டி, ஒரு கட்சிப் பிரமுகரிடம் கடிதம் வாங்கிப் போனேன். பத்தே நாளில் ஆர்டர் வந்தது. அந்த இடத்துக்கு எனக்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வருடமாகக் காத்திருந்தார் ஒருவர். வீட்டில் நோயாளி மனைவி. அவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்தக் கடிதத்தோடு நான் ஓமந்தூரார் போன்ற ஒருவர் முன்னால் போய் நின்றிருந்தால், வெறுங்கையோடு திரும்பியிருப்பேன். திரும்பியவன் அவரைப் பற்றி ஊரில் என்ன பேசியிருப்பேன்? 'பெரிய மனுஷன்தான், ஆனா நம்ம ஆளுக்கு ஒண்ணும் செய்யமாட்டார்' என்றுதான். நேர்மையானவர்களை வீட்டுக்கு அனுப்புவது இந்த ஒரு வாக்கியம்தான் என்பது என் அபிப்பிராயம். எம்.எல்.ஏ.க்கள் அதைக் கோட்டையில் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுச்சேரி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது ஓமந்தூர் வந்தால் கும்பிடு போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் போட்டிருக்கிறேன். இப்போது என் பேரனுக்கு வேலை ஆக வேண்டும், 'உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா தாத்தா?' என்று கேட்கிறான். இருக்கிறார்கள். இன்னும் யாருக்கும் போன் செய்யவில்லை.