பாக்காவ் மரம் பச்சையாக இருந்தால் போதுமா?

கேரித் தீவு, கோலசிலாங்கூர், பாகான் டத்தோ போன்ற கரையோரச் செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குக் கடல் வரப்பும் அதிலுள்ள தண்ணீர்க் கதவும் புதிதல்ல. கடல் வற்றும்போது கதவு திறக்கும்; தோட்டத்துக் கான்களில் தேங்கிய நீர் வெளியேறும். உரம் போட்ட கையோடு பெருமழை பிடித்தால், அந்த உரத்தில் ஒரு பங்கும் அதே வழியில் போய்விடும். வரப்புக்கு அப்பால் இருப்பது சதுப்புநிலக் காடு.

இது தோட்டத்துப் பிரச்சினை மட்டும் அல்ல. பட்டணத்துக் கழிவுநீர், பன்றிப் பண்ணை, இறால் குளம் எல்லாமே நைட்ரஜனையும் பாஸ்பரசையும் அதே சேற்றில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன.

உரம் மரத்துக்கு நல்லதுதானே என்று கேட்கலாம். மேலே பார்த்தால் அப்படித்தான் தெரியும். சத்து குறைந்த சேற்றில் வளரும் பாக்காவ் மரம், அதைத் தேடி வேரைப் பரப்பும். சத்து தானாகவே வந்து சேர்ந்தால், மரம் தழைக்கும் அளவுக்கு வேர் வளராது. 2009இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, உரமிட்ட சதுப்புநில மரங்கள் வறட்சியிலும் உப்பு கூடிய மண்ணிலும் அதிகமாக மடிந்ததைக் காட்டியது. மழை மிகுந்த நம் கரையில் அதே அளவு பாதிப்பு வரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வேர் குறைந்தால் சேற்றின் பிடியும் குறையும் என்பது எங்கும் பொருந்தும்.

சேற்றுக்குள் நடப்பது இன்னும் கவலைக்குரியது. அங்கே பிராணவாயு இல்லை; அதனால்தான் உதிர்ந்த இலையும் பழைய வேரும் மக்காமல் பல நூறு ஆண்டுகளாகப் படிந்து, நிலத்தை உயர்த்தி வந்திருக்கின்றன. நைட்ரேட் வந்து சேர்ந்தால், நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தி அந்தப் படிவை அரிக்கத் தொடங்கும். அப்போது கிளம்பும் நைட்ரஸ் ஆக்சைடு, கரியமில வாயுவைவிடச் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கக்கூடியது.

சேறு தளர்ந்தால் முதலில் அடி வாங்குவது அதே கடல் வரப்புதான். பெரிய கடல் பெருக்கில் தண்ணீர் புகுவது தோட்டத்துக்கும் அதை ஒட்டிய வீடுகளுக்கும்தான்.

செம்பனை ஆலைக் கழிவுநீருக்கு 1977 முதலே விதிகள் உள்ளன. ஆலைக்கு ஒரு வெளியேற்றுக் குழாய் உண்டு. அதிகாரி போய் மாதிரி எடுக்கலாம். நூற்றுக்கணக்கான கான்களில் கசியும் உரத்துக்கு அப்படி ஒரு முனை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரங்களில் கன்றுகள் நடப்பட்டன. எத்தனை நட்டோம் என்ற கணக்கும் வந்தது. அந்தக் கன்றுகள் நிற்கும் சேற்றில் நைட்ரஜன் எவ்வளவு என்பதும் அதே கணக்கில் வர வேண்டும். தண்ணீர்க் கதவின் வெளிப்பக்கத்தில் மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் நீரைச் சோதித்தாலே அதற்குத் தொடக்கமாகும்.